ரப்பர் கடையில் பிறந்த பொருளாதாரம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்றார்கள் விழாக் குழுவினர். பேராசிரியர் என்றதும் நமக்குத் தமிழ்ப் பேராசிரியர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் பொருளாதாரப் பேராசிரியர். அதிலும் ஒரு பெண்மணி. பெயர் ஜேனட் தாய் லாண்டா. கனடாவில், டொராண்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

"கனடாவுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று யாரோ பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஆராய்ச்சி நடந்தது இந்தச் சிங்கப்பூரிலும் மேற்கு மலேசியாவிலும்தான். ஆராய்ந்த பொருளோ, நம் பாட்டன் பாட்டி விரல்களில் ஒட்டிக்கொண்டு காய்ந்த அதே ரப்பர்.

இந்தத் தெம்பனிசையே எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு மரத்தின் பெயர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நல்ல வயிரம் பாய்ந்த காட்டு மரம். அந்தக் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. மணல் தோண்டிய குழிகள் வந்தன. 1970களின் இறுதியிலிருந்துதான் இந்த அடுக்குமாடி வீடுகள் எழும்பின. இன்று லிப்டில் ஏறிப் பன்னிரண்டாம் மாடிக்குப் போகும் பிள்ளையின் காலுக்குக் கீழே ஒரு காலத்தில் பால்மரம் நின்றது.

1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்த மரம் அது. அதன் கதை ஒவ்வொரு பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. பாலை யார் வாங்கினார், எப்படி வாங்கினார் என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை.

பெரிய தோட்டத்து ரப்பர் கம்பெனிக் கணக்கில் நேராகக் கப்பலுக்குப் போய்விடும். அது வேறு வழி. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்? தானே வெட்டி, தானே உறைய வைத்து, தகடாக உருட்டி, சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போவார். அந்தக் கடைக்காரர் சேர்த்து வைத்துச் சின்னப் பட்டணத்து வியாபாரிக்கு அனுப்புவார். அவர் சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ, பெரிய ஏற்றுமதிக்காரருக்கு அனுப்புவார். இந்தச் சங்கிலியில் மேலும் கீழும் ஓடியது பெரும்பாலும் கடன். சரக்கு முன்னால் போகும், பணம் பின்னால் வரும். சில சமயம் பணம் முன்னால் வரும், சரக்கு பின்னால் போகும். வக்கீல் எழுதிய பத்திரம் கிடையாது. பேச்சுத்தான்.

1969இல் லாண்டா இந்த ரப்பர் வியாபாரிகளைத் தேடிப் போய்ப் பேசினார். அவர் கேட்ட கேள்வி, கடைக்குப் போன எந்தப் பிள்ளையும் கேட்கக் கூடியதுதான்: "ஏமாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள்?"

இதற்குப் பொருளாதார நூல்களில் அன்று சரியான விடை இல்லை. சந்தை என்றால் வாங்குபவர், விற்பவர், விலை. அரசாங்கம் தலையிடாமல் விட்டால் சந்தை தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பது ஒரு கட்சி. அரசாங்கம் கையில் எடுத்தால்தான் நியாயம் நடக்கும் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்கள் புத்தகத்திலும் வாங்குபவருக்கு முகமில்லை. அவர் எந்த ஊர், யார் மகன், மாமன் மச்சான் யார் என்று எதுவும் இல்லை. சொன்ன சொல்லை மீறினால் கோர்ட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். கோர்ட்டுக்குப் போகும் செலவும் அலைச்சலும் நமக்குத் தெரியும். பத்துத் தகடு ரப்பருக்காக வக்கீல் வைத்தால் ரப்பரும் போய் சைக்கிளும் போய்விடும்.

லாண்டா கண்டது இது. சிறுதோட்ட ரப்பர் வியாபாரத்தில் ஹொக்கியன் சீனர்களே மிகுதியாக இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் மனத்திலும் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு வரைபடம் இருந்தது. முதல் வட்டம் நெருங்கிய குடும்பம். இரண்டாவது தூரத்துச் சொந்தம். மூன்றாவது ஒரே குலப்பெயர் கொண்டவர்கள். நான்காவது சீனாவில் ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள். ஐந்தாவது மற்ற ஹொக்கியன்காரர்கள். ஆறாவது வேறு பேச்சு பேசும் சீனர்கள். ஏழாவது சீனரல்லாத எல்லாரும்: மலாய்க்காரர், வெள்ளைக்காரர், நாம். உள்வட்டத்தாருக்குக் கடன், வெளிவட்டத்தாருக்கு ரொக்கம்.

இதைப் பார்த்துவிட்டு "இனப்பற்று" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். லாண்டா அப்படி முடிக்கவில்லை. இது கணக்கு என்றார். உள்வட்டத்துக்காரன் ஏமாற்றினால் செய்தி மறுநாளே எல்லாக் கடைக்கும் போய்விடும். யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். கூட்டத்தை விட்டே தள்ளி வைப்பார்கள். அந்தப் பயம் கோர்ட்டைவிட மலிவு, வேகமும் அதிகம். நம் ஊர்ப் பக்கத்தில் இதற்கு நல்ல பெயரே இருக்கிறது: ஊர்க்கட்டுப்பாடு. அரசாங்கச் சட்டம் எட்டாத இடத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட சட்டம் என்று அதை அவர் விளக்கினார். சந்தை நடக்க விலை மட்டும் போதாது, இப்படியொரு கட்டுப்பாடும் அடியில் இருந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். கேள்வி கேட்டது 1969. டாக்டர் பட்டம் 1978இல், அமெரிக்காவின் வர்ஜீனியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில். அரசியல் முடிவுகளைப் பொருளாதார முறையில் ஆராய்ந்ததற்குப் பெயர் போன ஜேம்ஸ் புக்கானன், பின்னால் 1986இல் நோபல் பரிசு பெற்றவர், அப்போது அங்கேதான் இருந்தார். லாண்டாவின் புகழ் பெற்ற கட்டுரை வெளியானது 1981இல். அதுவும் ஒரு சட்ட ஆராய்ச்சி இதழில். பன்னிரண்டு வருஷம்! நாம் ஒரு கட்டுரைப் பயிற்சியை இரண்டாவது தடவை எழுதச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

அதற்குப் பிறகும் அதே கேள்விதான், இடம்தான் மாறியது. பாப்புவா நியூகினிப் பக்கத்துத் திரோபிரியாந்து தீவுக்காரர்கள் படகேறிப் போய்ச் சிப்பி மாலையும் கைவளையும் மாற்றிக்கொள்வார்கள். அந்த அன்பளிப்புச் சடங்குதான் அரசாங்கமே இல்லாத தீவுகளுக்கிடையில் வியாபாரத்தைக் காத்தது என்று 1983இல் எழுதினார். 1986இல் தேனீக்கள் கூடு மாற்றும்போது எல்லாமாகச் சேர்ந்து எப்படி ஒரே முடிவுக்கு வருகின்றன என்று எழுதினார். பொருளாதாரக்காரருக்குத் தேனீயோடு என்ன வேலை என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். 1994இல் கட்டுரைகளையெல்லாம் தொகுத்து நம்பிக்கை, இனம், அடையாளம் என்பதையே தலைப்பாக வைத்து நூல் வெளியிட்டார்.

இவருடைய எழுத்தைப் படிக்கப் படிக்க எனக்கு நினைவுக்கு வந்தது சிங்கப்பூர் மார்க்கெட் தெரு. நான் பொருளாதாரம் படித்தவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய தோட்டப்பள்ளி ஆசிரியை. ஆனாலும் இது கண்ணில் படாமல் போகாது. அந்தத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், வரிசையாக ஆளுக்கொரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, தரையில் உட்கார்ந்துதான் வியாபாரம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு மூன்று ஆண்டுத் தவணைக்குக் கடல் கடந்து வருவார். பெயருக்கு முன்னால் அப்பன், பாட்டன் முதலெழுத்துகளைச் சேர்த்த விலாசம். அந்த நாலைந்து எழுத்தைக் கேட்டாலே யார் வீட்டுப் பணம் என்று தெரிந்துவிடும். லாண்டா 1983இல் ஜாக் கார் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று குலப்பெயரும் சமயச் சின்னமும் வியாபாரத்தில் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பற்றியது. விலாசம் செய்த வேலையும் அதுவேதான்.

டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. நமக்கு அது தைப்பூசக் கோயில். நகரத்தாருக்கு அது அதற்கும் மேலே. இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியையே முடிவு செய்தார்கள். ஒரு ஏஜெண்டு கணக்கில் கை வைத்தால் போலீஸ் தேட வேண்டியதில்லை. ஊரில் அவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

ஆகவே இது சீனர் குணம் என்றோ தமிழர் குணம் என்றோ சொல்வதற்கில்லை. நியூயார்க் வைர வியாபாரிகளும் தகராற்றைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் தங்கள் சங்கத்துக்குள்ளேயே தீர்த்துக்கொள்வதை 1992இல் லிசா பெர்ன்ஸ்டைன் என்ற சட்ட அறிஞர் எழுதிக் காட்டினார்.

இதுவரைக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏழாவது வட்டத்தை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வட்டத்துக்குள் இருப்பவனுக்கு அது தாய்மடி. வெளியே நிற்பவனுக்கு அதே வட்டம் வேலி. ரப்பர் கடையில் நாம் ஏழாவது. சரி, மார்க்கெட் தெருவில்? தங்களுக்குள் சொல்லை நம்பிக் கொடுத்த நகரத்தார், வெளியாருக்கு நிலப்பட்டாவையும் நகையையும் புரோநோட்டையும் கேட்டார்கள். லயத்து வீட்டில் பட்டா ஏது? மொழி ஒன்றுதான், சாமியும் ஒன்றுதான், வட்டம் வேறு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் கணக்கு அது. ஆனால் சுதந்திரச் சந்தையில் எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று யாராவது மேடையில் பேசினால், எந்தக் கதவு, யாருக்கு என்று நாம் கேட்கலாம்.

லயத்து மக்களும் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கென்று ஒரு வட்டம் போட்டுக்கொண்டார்கள். அதுதான் கூட்டு. சிங்கப்பூரில் சீட்டு என்கிறோம். மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுத் தொழிலையே தடை செய்தது. அதே ஆண்டு சிங்கப்பூரில் வந்த சட்டம், உரிமம் இல்லாமல் சீட்டுத் தொழில் நடத்தக் கூடாது என்றது. சட்டம் வந்தும் லயத்தில் கூட்டு நிற்கவில்லை. கோர்ட்டு இல்லை, பத்திரம் இல்லை. இருந்தும் மாசா மாசம் பணம் சரியாக வந்தது. ஏன்? கூட்டுப் பிடித்த அக்கா நாலு வீடு தள்ளி இருந்தார். அவர் ஓடினால் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, சாவுக்கு எங்கே போய் நிற்பார்? ஒரே குழாயடி, ஒரே கோயில், ஒரே மஸ்டர். அந்த லயம்தான் கூட்டுக்கு ஜாமீன்.

இப்போது லயம் எங்கே? தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டது. சனங்கள் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். பாதிப்பேர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறார்கள். ஜாமீன் போய்விட்டது, கூட்டு மட்டும் போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குழு, முகம் பார்த்திராத ஒரு "அக்கா", நீல டிக் மார்க்கு. "நம்ம ஆளுங்கதாங்க டீச்சர், தமிழ்லதான் பேசுறாங்க" என்று என்னிடம் சொன்ன அம்மாமார் பலர். தமிழில் பேசுவது எத்தனையாவது வட்டம்? லாண்டாவின் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்தாவதுக்கும் அப்பால். பணத்தை மட்டும் முதல் வட்டத்துக்குக் கொடுப்பதுபோல் கொடுக்கிறோம். பணம் போன பிறகு புகார் கொடுக்கவும் கூச்சம், பயம். தடை செய்யப்பட்ட காரியத்தைப் பற்றி எந்த முகத்தோடு போலீசில் பேசுவது? சட்டமும் இல்லை, ஊர்க்கட்டுப்பாடும் இல்லை என்ற இடத்தில் நிற்கிறோம். அந்த இடத்தில் எந்தச் சந்தையும் நடக்காது. பித்தலாட்டம் ஒன்றுதான் நடக்கும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். மளிகைக்கடைப் பற்று, கூட்டுக் கணக்கு, யாருக்கு எவ்வளவு என்று பாட்டி கைநாட்டோடு இருக்கலாம். குப்பையில் போட்டுவிடாதீர்கள். பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளே, அதை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். யாருக்குக் கடன் கொடுத்தீர்கள், யாருக்கு மறுத்தீர்கள், யார் ஏமாற்றினார், அவரை லயம் என்ன செய்தது என்று கேட்டு எழுதி, அடுத்த மலருக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.