ஜெர்சியில் யார் பெயர்?

(சாரல் சீசன் கால்பந்துப் போட்டி தொடர்பாகக் குற்றாலத்தில் நடந்த பெற்றோர், விளையாட்டு வீரர்கள் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, முன் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

உங்கள் வருத்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. 22 ஜெர்சி, இரண்டு கோல் வலை, பந்துகள், முதல் பரிசுப் பணம் எல்லாம் தருகிறோம் என்று ஒரு பெரிய கடன் கம்பெனி நம் அலுவலக வாசல் வரை வந்தது. நிர்வாகக் குழு கூடிப் பேசி, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. "சும்மா கொடுப்பதை வாங்கிக்கொண்டால் என்ன நஷ்டம்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் உங்களை அழைத்தோம். அந்தக் கம்பெனியைத் திட்டுவதற்காக இந்தக் கூட்டம் இல்லை. அவர்கள் தங்கள் வியாபாரத்தைச் செய்கிறார்கள்.

நான் ஒன்று திருப்பிக் கேட்கிறேன். நம் மைதானத்தில் கேலரி கிடையாது. டிக்கெட் கிடையாது. டி.வி. கேமரா வரப்போவதில்லை. பந்து ஓடைக்குள் விழுந்தால் அதை எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கிறது. பெருநகரத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு இங்கே என்ன வேலை?

நம் ஊர்க் கடைக்காரர்கள் கோப்பை கொடுப்பது நமக்குப் பழக்கமான விஷயம். ஜவுளிக்கடைக்காரர் தன் வாப்பா நினைவாகச் சுழற்கோப்பை வைக்கிறார். பிரியாணிக் கடைக்காரர் இறுதிப் போட்டியன்று இரண்டு அணிக்கும் சாப்பாடு போடுகிறார். அவர்களுக்கும் அதில் விளம்பரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆட்டம் பார்க்க வந்து நம் பக்கத்திலேயே உட்காருகிறார். ஏதாவது பிசகினால் மறுநாள் கடைக்குப் போய்க் கேட்கலாம். செங்கோட்டையைத் தாண்டி மலப்புறம் பக்கம் போனால் செவன்ஸ் போட்டிகளில் நகைக்கடைப் பெயரும் ஜவுளிக்கடைப் பெயரும்தான் நிறைந்திருக்கும். அதுவும் இந்த ரகம்தான்.

பெரிய கம்பெனியின் கணக்கு வேறு. டி.வி.யில் விளம்பரம் வந்தால் நாம் சேனலை மாற்றுகிறோம். ரோட்டில் பேனர் இருந்தால் பார்க்காமலே தாண்டிப் போகிறோம். ஆனால் விளையாடும் பையனின் நெஞ்சில் ஒரு பெயர் இருந்தால் 90 நிமிடம் அதையே பார்க்கிறோம். ஜெயித்த பிறகு எடுத்த போட்டோவை அவன் ஸ்டேட்டஸில் வைக்கிறான். அவன் உம்மா அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுகிறார். பத்து வருஷம் அந்தப் பெயர் சுவரில் தொங்குகிறது, வாடகை இல்லாமல். இன்னொன்றும் இருக்கிறது. நாம் சோப்பை மாற்றுவோம், சிம் கார்டை மாற்றுவோம், டீமை மாற்ற மாட்டோம். அந்தப் பிரியத்தில் ஒரு பங்கு தன் சரக்குக்கும் வந்து சேரும் என்பது கம்பெனியின் எதிர்பார்ப்பு. அதற்குத்தான் பணம் கொடுக்கிறது.

இதைக் கல்கத்தாவில் தெளிவாகப் பார்க்கலாம். முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப்பைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1891-இல் தொடங்கியது. கல்கத்தா லீக்கை முதன்முதலில் வென்ற இந்தியக் கிளப் அதுதான். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார்கள். 1940-இல் டியூரண்ட் கோப்பையையும் எடுத்தார்கள். அன்று அவர்கள் சட்டையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. நாடு முழுவதும் முஸ்லிம் வீடுகளில் அவர்கள் பெயர் தெரிந்திருந்தது.

அதே ஊரில் 1998-இல் என்ன நடந்தது? மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று பரம வைரிகளான இரண்டு கிளப்புகள். இரண்டுக்கும் ஒரே மதுபானக் குழுமம் ஸ்பான்சராக வந்தது. ஒன்றுக்கு மெக்டவல் பெயர், மற்றதற்கு கிங்ஃபிஷர் பெயர். ஒரு கிளப்புக்கு மட்டும் கொடுத்தால் ஊரில் மற்றப் பாதி பகையாகிவிடும். இரண்டுக்கும் கொடுத்தால் யார் ஜெயித்தாலும் லாபம் ஒரே பெட்டிக்குள் விழும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலும் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டு அணியின் சட்டையிலும் கார்லிங் என்ற ஒரே பீரின் பெயர் பல ஆண்டுகள் இருந்தது. நம் நாட்டில் டி.வி.யில் மது விளம்பரம் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் செய்தி வாசிப்பவர் "கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் இன்று வெற்றி பெற்றது" என்று படித்தால் அதை விளம்பரம் என்று யார் சொல்ல முடியும்? முன்பு சிகரெட்டும் இதைச் செய்தது. 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டின் பெயரே வில்ஸ் கோப்பை. 2003-இல் வந்த புகையிலைத் தடுப்புச் சட்டம் அந்தக் கதவை அடைத்தது.

அது மது, புகையிலை, நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். கம்பெனி வருகிற விதத்தைப் பார்த்தது போல, போகிற விதத்தையும் பார்க்க வேண்டும். பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் ஜே.சி.டி. மில் அணி இருந்தது. 1996-97இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற அணி. 2011-இல் மில் நிர்வாகம் அணியைக் கலைத்தது. பார்க்கிறவர்கள் இல்லை, விளம்பரப் பயன் இல்லை என்பது சொன்ன காரணங்களில் முக்கியமானது. அதற்கு முந்தைய ஆண்டு மகிந்திராவும் தன் அணியை மூடியது, அதுவும் தேசிய லீக்கை வென்ற அணிதான். ஈஸ்ட் பெங்காலுக்கு 2018-இல் ஒரு முதலீட்டாளர், 2020-இல் இன்னொருவர், 2022-இல் மூன்றாமவர். மோகன் பகானில் 2020-இல் ஒரு குழுமம் 80 சதவீதப் பங்கை வாங்கியது. நூற்றாண்டைத் தாண்டிய கிளப்பின் பெயருக்கு முன்னால் "ஏ.டி.கே." என்று மூன்று எழுத்து ஏறியது. அதை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று வருஷம் போராடினார்கள். 2023-இல்தான் அது போனது. போனபோதும் பெயருக்குப் பின்னால் வேறொன்று ஒட்டிக்கொண்டது.

நம் தமிழ்நாட்டில் சென்னை சிட்டி எஃப்.சி., கோயம்புத்தூரை இருப்பிடமாக வைத்து ஆடி, 2018-19இல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது என்று பத்திரிகைகள் கொண்டாடின. சில ஆண்டுகளில் அந்த லீக்கில் அவர்கள் இல்லை. ஸ்டேடியம் அங்கேயே இருக்கிறது. சாம்பியன் டீம்தான் இல்லை.

இப்போது நம் வாசலுக்கு வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அது வாரத் தவணையில் கடன் கொடுக்கும் கம்பெனி. வட்டி விஷயத்தில் மார்க்கத்தின் நிலை என்ன என்று இந்தச் சபைக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. இங்கிலாந்தில் நியூகாசில் யுனைடெட் கிளப்புக்கு வோங்கா என்ற கடன் கம்பெனி ஸ்பான்சராக வந்தது. சம்பள நாள் வரை சின்னக் கடன், பெரிய வட்டி, அதுதான் அவர்கள் தொழில். 2013-இல் அந்த அணியின் செனகல் வீரர் பாப்பிஸ் சிஸ்ஸே, நான் முஸ்லிம், இந்தப் பெயரைப் போட மாட்டேன் என்றார். அணியோடு பயிற்சிப் பயணத்துக்கே போகவில்லை. கடைசியில் போட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதிக் கதை சொல்லக் கூடாது. உலகம் அறிந்த வீரர், லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவர், அவராலேயே ஒப்பந்தத்தை மீற முடியவில்லை. 14 வயதுப் பையன் எப்படி முடியாது என்று சொல்வான்? அவனுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். வோங்கா 2018-இல் திவாலானது, அது வேறு கதை.

ஆனால் நிர்வாகக் குழு மறுத்ததற்கு மார்க்கம் மட்டும் காரணம் அல்ல. அவர்கள் கொடுத்த தாளில் நான்கு நிபந்தனைகள் இருந்தன. போட்டியின் பெயரில் கம்பெனிப் பெயர் சேர வேண்டும். ஜெர்சியில் முன்னும் பின்னும் முத்திரை. மைதானத்தில் ஒரு ஸ்டால். இந்த மூன்றும் எங்கும் உள்ளதுதான். நான்காவது நிபந்தனை, ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் பெயரும் போன் நம்பரும் அவர்களுக்கு வேண்டும்.

இந்த வரியைப் படித்ததும் எங்கள் குழுவில் பீடிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், "ஜெர்சிக்கு விலை தெரிஞ்சுபோச்சு" என்றார். வேறு யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

நம் பிள்ளைகளின் உம்மாமார் எத்தனை பேர் பீடி சுற்றுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே குழுக்கடனில் இருக்கிறார்கள், ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியும். தவணை நாளன்று ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் உள்ள மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2025-இல் கடன் வசூலில் மிரட்டலையும் கட்டாயத்தையும் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. மகன் ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் போட்டு ஆடும் பெயர், திங்கட்கிழமை உம்மாவிடம் தவணை கேட்டு வரும். அப்போது அவர் அந்த ஆளை நம்புவார். மகனுக்குச் சட்டை கொடுத்தவன் அல்லவா? இப்போது சொல்லுங்கள், சும்மா கொடுத்தது எது?

அடுத்து படித்த பிள்ளைகள் கேட்பது: "பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அந்தப் பணத்தை வாங்கலாமே?" இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. தான் தொழில் செய்யும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் தன் சரக்கை விளம்பரப்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் ஸ்பான்சர் செலவு இந்தக் கணக்கில் வராது என்று 2021-இல் திருத்திய விதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. ஸ்பான்சர் பணம் கம்பெனிக்குத் தொழில் செலவு, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சமூகப் பணிச் செலவை அப்படித் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. ஆகவே இனி யார் வந்தாலும் முதல் கேள்வி, "இந்தப் பணம் உங்கள் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?" என்பதுதான். விளம்பரக் கணக்கு என்றால் நாம் விற்பனை பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். மற்றக் கணக்கு என்றால் ஜெர்சியில் பெயர் கேட்க அவர்களுக்கு இடமில்லை.

விற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. டயர் கம்பெனியோ, சிமெண்ட் கம்பெனியோ, நோட்டுப் புத்தகக் கம்பெனியோ ஒரு வருஷ ஒப்பந்தத்தோடு வந்தால் உட்கார்ந்து பேசுவோம். சட்டையின் கையில் பெயர் போடலாம், மைதான ஓரத்தில் பேனர் கட்டலாம். கிளப்பின் பெயரும், மைதானமும், பிள்ளைகளின் விவரமும் அந்தப் பேச்சில் வராது. மது, வட்டி, பந்தயம், புகையிலை நான்கும் எந்த வேஷத்தில் வந்தாலும் கிடையாது. ஏலக்காய் என்று வரும், சோடா என்று வரும், விளையாட்டு ஆப் என்று வரும். 2025-இல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடுக்கும் சட்டம் வந்ததும், இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயர் உடனே காணாமல் போனதைப் பார்த்தீர்கள். அதுவரை அந்தப் பெயரை நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகூடச் சொன்னது.

செலவுக் கணக்குக்கு வருவோம். எண் அச்சடித்த ஜெர்சி ஒன்று 350 ரூபாய் என்று வைத்தாலும் 22-க்கு 7,700 ரூபாய். இதற்காகவா நாம் இவ்வளவு தூரம் யோசித்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஜகாத் நிதியில் கை வைக்க மாட்டோம், அதற்கு உரியவர்கள் வேறு. பொது நன்கொடைக் கணக்கில் 3,000 ரூபாய் ஒதுக்கக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. மீதி இங்கே சேர வேண்டும். பரிசுப் பணம் இந்த ஆண்டு கிடையாது, சுழற்கோப்பை மட்டும். வலையைப் பழைய வலையிலிருந்து தைத்துத் தருவதாக இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் பெட்டி இருக்கும். ரசீது கொடுப்போம், வரவு செலவை அடுத்த இதழில் போடுவோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் கல் பொறுக்குகிறோம், மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வரவும். ஜெர்சி பச்சையா நீலமா என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்து வியாழக்கிழமைக்குள் என்னிடம் எழுதித் தர வேண்டும். சண்டை போடாமல்.

வஸ்ஸலாம்.