பதக்கம் வாங்கியவர் பத்திரிகை நடத்தினார்

காந்தி போர்முனைக்குப் போனவர், தெரியுமா? போனார். ஆனால் துப்பாக்கி தூக்கவில்லை. அடிபட்டவர்களைத் தூக்கினார்.

1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. காந்தி ஓர் ஆம்புலன்ஸ் படை திரட்டினார். ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், தமிழர்களும் இருந்தார்கள். காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள்.

போருக்காகக் காந்திக்குப் பதக்கம் கிடைத்தது. இந்தியர்களுக்கு உரிமை கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த கூலி அங்கேயே தங்க வேண்டுமா? வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும்.

1903-ல் டர்பனில் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை பிறந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. காந்தி தன் வக்கீல் வருமானத்தை அதில் கொட்டினார். பின்னாளில் விளம்பரமே வேண்டாம் என்றார். அரசின் அநியாயத்தை எழுதினார். நம்மவர்கள் வீட்டையும் வீதியையும் சுத்தமாக வைக்காததையும் எழுதினார். இரண்டையும் எழுதினார்!

டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், சுற்றி நாலு பேர் கேட்பார்கள் அல்லவா? அந்தப் பத்திரிகையையும் அப்படித்தான், எழுத்தறிந்தவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள்.

1913-ல் அந்த 3 பவுண்டு வரியை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1914-ல் அந்த வரி ஒழிந்தது.

பதக்கம் என்ன ஆயிற்று? 1920 ஆகஸ்டில், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, போர்ப் பதக்கங்களை வைஸ்ராயிடமே திருப்பி அனுப்பிவிட்டார். பத்திரிகை நடத்துவதை மட்டும் விடவில்லை. அப்போது அவர் 'யங் இந்தியா', 'நவஜீவன்' இரண்டுக்கும் ஆசிரியர்.