தரம்: யார் அளப்பது, எதைக்கொண்டு?

(தாம்பரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் நம் கூட்டங்களில் வழக்கமாக இரண்டு பேச்சு வரும். ஒன்று, அரசுப் பள்ளியைக் காப்போம். இன்னொன்று, அரசுப் பள்ளி நாசமாகிவிட்டது. இரண்டையும் பேசுகிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் மெட்ரிகுலேஷனில் படிக்கிறார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். அதனால் புத்தி சொல்ல வரவில்லை. என் வீட்டில் நடந்த ஒரு சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய சமயம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "சார், பாப்பாவ எங்க சேக்கப் போறீங்க?" தெருமுனையில் இருக்கிற தொடக்கப் பள்ளியை ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "அந்த ஸ்கூலா? வேணாம் சார். ஸ்டாண்டர்டு கெடயாது. காலனிப் பசங்கதான் படிக்குதுங்க." அவருக்கு நான் யாரென்று தெரியாது. பேங்க்கில் வேலை, இன் பண்ணிய சட்டை, அவ்வளவுதான் தெரியும்.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'ஸ்டாண்டர்டு கிடையாது' என்பது தீர்ப்பு. 'காலனிப் பசங்க' என்பது ஆதாரம். அவர் அந்தப் பள்ளிக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. எந்தப் பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே தரத்தைச் சொல்லிவிட்டார். கோபம் வந்தது. ஆனால் ராத்திரி படுத்தபோது இன்னொன்றும் உறைத்தது. நானும் அந்தப் பள்ளிக்குள் நுழைந்ததில்லை. மகளைத் தனியார் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அவர் வாயால் சொன்னதை நான் செயலால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு பேங்க் கவுண்டர். மே கடைசி, ஜூன் வந்தால் நகைக்கடன் வரிசை நீளும். மெப்ஸில் வேலை செய்கிற பெண்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள். பாதிப் பேர் நம் மக்கள். எதற்கு என்று கேட்டால் "ஸ்கூல் ஃபீஸ் சார்" என்பார்கள். நகை மதிப்பிடுகிறவர் எவ்வளவு தெரிந்தவர் கொண்டுவந்தாலும் கல்லில் உரசிப் பார்க்காமல் தரம் சொல்ல மாட்டார். அந்த நகையை அடகு வைத்துச் சேர்க்கிற பள்ளியை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. டை, ஷூ, வேன், 'ஏ ஃபார் ஆப்பிள்'. முக்கியமாக, அங்கே நம்மை மாதிரி ஆட்கள் குறைவு. அதுவே தரம் என்று நாமும் நம்புகிறோம். சாதி இந்து சமூகம் நம்மைப் பார்க்கிற கண்ணை நாமே வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இது தற்செயலாக நடந்ததல்ல. கொஞ்சம் பின்னால் போவோம். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் நம் மக்களுக்காக எழுந்து நின்றார். கோயில் நுழைவு பற்றிக் கேட்டபோது எதிர்ப்பு. பிறகு அவர் கேட்டது இரண்டு: தரிசு நிலமும், நம் பிள்ளைகளுக்கு 4-ஆம் வகுப்பு வரை இலவசக் கல்வியும். கவனியுங்கள், காலேஜ் கேட்கவில்லை. இன்றைக்கு நாம் 'அந்த ஸ்கூலா' என்று தள்ளுகிற தொடக்கப் பள்ளியைத்தான் கேட்டார். இதோ சானடோரியத்தில் தேசிய சித்த நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறது. தினமும் ரயிலில் அதைத் தாண்டிப் போகிறோம்.

1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். தனிப் பள்ளி ஏன் வேண்டியிருந்தது? பொதுப் பள்ளி என்று பெயர் வைத்த இடத்தில் நம் பிள்ளைக்கு இடமில்லை என்பதால். இந்தப் பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியர், பாடநூல் எழுதியவர். கல்வியைத்தான் அவரும் முன்னே வைத்தார். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த பிறகுதான் பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாம் நமக்கும் பொது என்று அரசாணை வந்தது. பொது என்று எழுதியிருந்தாலும் அது பொது இல்லை, போராடித்தான் பொதுவாக்க வேண்டியிருந்தது.

அப்படி நாம் பள்ளிக்குள்ளே போனோம். அவர்கள் ஒருவர் ஒருவராக வெளியே வந்தார்கள். வெளியே வந்து நின்றுகொண்டு, உள்ளே தரமில்லை என்றார்கள். அரசும் அதை ஆமோதித்தது. அரசியல் சட்டம் 10 ஆண்டுக்குள், அதாவது 1960-க்குள், 14 வயது வரை எல்லாருக்கும் கல்வி தர முயல வேண்டும் என்றது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு அரசே பணம் கட்டும் என்று ஒரு பிரிவு. அந்த இடத்துக்காக வரிசையில் நிற்கிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் பள்ளியைத் தானே இரண்டாம்தரம் என்று ஒப்புக்கொள்கிற அரசைக் குறை சொல்வேன்.

இதையெல்லாம் வீட்டில் பேசினேன். என் துணைவியார் ஒரு தனியார் பள்ளியில் நாலு வருஷம் டீச்சராக இருந்தவர். "உங்க கொள்கைய சோதிச்சுப் பாக்க எம் பொண்ணுதான் கெடச்சாளா?" என்றார். பதில் இல்லை. அப்புறம் அவரே சொன்னார், "வெளிய நின்னு பேசாதீங்க. போய் உக்காந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு நாலு நாள் போனேன், லீவு போட்டு. பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம், எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம்.

முதலில் வாசிப்பு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். சந்தோஷமாக இருந்தது. பிறகு பார்த்தால் விரல் ஒரு வரியில் இருக்கிறது, வாய் வேறு வரியில் போகிறது. மனப்பாடம். அன்றைய பேப்பரைக் கொடுத்தேன், தலைப்பில் நின்றுவிட்டான். அதே வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம், அவன் தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு, புதிய பக்கம் ஒன்றைக் கொடுத்தேன். தமிழும் நின்றது, இங்கிலீஷும் நின்றது. ஆக வித்தியாசம் வாசிப்பில் இல்லை. 2022-இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் கொண்டுவந்ததே கொரோனாவில் விட்டுப்போன இந்த அடிப்படைக்காகத்தான். நம் பள்ளி என்பதற்காக இந்தக் குறையை மூடி மறைக்க வேண்டாம். வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுகிற பிள்ளைக்கு இடஒதுக்கீடு எந்த வாசலைத் திறந்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது, ஆசிரியர். ஐந்து வகுப்பு, 58 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். அக்கிரமம் என்று நினைத்தேன். இல்லை, சட்டப்படி சரி. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61-லிருந்து 90 வரை மூன்று, 91-லிருந்து 120 வரை நாலு என்கிறது. ஒரு டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்றை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நடத்துகிறார். ஒடிசாவிலிருந்து வந்த கட்டட வேலைக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், தமிழ் இப்போதுதான் வருகிறது. இதற்கு நடுவே எமிஸ் பதிவேற்றம், செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே. இந்தச் சூழலில் அந்த டீச்சர் நடத்துகிற அளவுக்கு என்னால் அரை நாள் முடியாது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் பிள்ளை குறையும். இந்தச் சக்கரத்துக்குத்தான் 'தரமின்மை' என்று பெயர்.

மூன்றாவது, துடைப்பம். யார் பெருக்குகிறார்கள், கழிப்பறையை யார் கழுவுகிறார்கள் என்று பார்த்தேன். 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமை ஆசிரியை ஒருவர் கைதானார். இங்கே அது இல்லை. ஆனால் இரண்டு கழிப்பறையில் ஒன்று பூட்டிக் கிடந்தது, ஆசிரியர்களுக்கென்று. பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் மிச்சம் ஒன்றில்.

நாலாவது, தட்டு. 2023-இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. அப்பா அம்மா விடியலில் வேலைக்குப் போய்விடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அது என்னவென்று பசித்தவருக்குத்தான் தெரியும். ஆனால் ருசியை மட்டும் பார்க்காதீர்கள், சமைக்கிறவர் யார், எல்லாரும் உண்கிறார்களா என்று பாருங்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பள்ளியைப் பூட்டி அவரை இடமாற்றம் செய்ய வைத்தார்கள். இங்கே எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த வரிசை, பத்து ஸ்மார்ட் போர்டுக்குச் சமம்.

ஐந்தாவது, கூப்பிடுகிற விதம். மூன்றாம் நாள் உதவித்தொகைப் படிவம் வந்தது. டீச்சர் சொன்னார், "எஸ்சி பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க." கெட்ட எண்ணமில்லை, பழக்கம். பாதி வகுப்பு எழுந்தது. ஒரு சின்னப் பெண் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்தாள். எனக்கு என் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. நானும் இப்படித்தான் எழுந்தேன், முழங்கால் பாதி மடங்கியபடி. நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை இதைத்தான் சொல்கிறது: வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, பள்ளியின் பெயரிலேயே சாதி இருக்கக் கூடாது. 'ஆதிதிராவிடர் நல' என்ற முன்னொட்டோடு ஆயிரத்துக்கு மேல் பள்ளிகள் இருக்கிற மாநிலம் இது. எங்கப்பா படித்தது அப்படி ஒன்றில். டி.சி.யே சாதியைச் சொல்லிவிடும்.

இந்த ஐந்தையும் எந்த ரேங்க் பட்டியலும் அளப்பதில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் வைக்கிற பள்ளியில், யாரை எட்டாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பினார்கள் என்று யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வந்து குறித்ததையெல்லாம் காட்டினேன். துணைவியார் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "அம்பத்தெட்டு பேரா? இன்னும் மூணு பேர் சேந்தா மூணாவது டீச்சர் கேக்கலாம்ல?" நான் தினமும் கணக்குப் பார்க்கிறவன். எனக்கு இது தோன்றவில்லை.

நாங்கள் இரண்டு வீடுகளில் பேசினோம். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிற நம் தோழர், இன்னொருவர் மெப்ஸில் வேலை செய்கிற ஒரு பெண். பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசினேன், அப்போதுதான் நான் யார் என்றும் சொன்னேன். அவர் வரவில்லை. கொஞ்ச நாள் முகம் பார்க்கவும் இல்லை. பரவாயில்லை. அந்த ஜூனில் மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். 61-ஆவது என் மகள்.

சினிமா மாதிரி உடனே டீச்சர் வந்துவிடவில்லை. ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிப்பார்கள். மனு கொடுத்திருக்கிறோம், மறு மனுவும் கொடுத்திருக்கிறோம். ஆனால் இப்போது அது தயவு இல்லை, சட்டப்படி பாக்கி. துணைவியார் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய பங்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது கழிப்பறையின் பூட்டு போய்விட்டது. உதவித்தொகைக்கு இப்போது யாரும் எழுந்து நிற்பதில்லை, பெற்றோரைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வாசிப்பு இன்னும் சரியாகவில்லை. சனிக்கிழமை மாலை எங்கள் மொட்டை மாடியில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், பேப்பரும் கதைப் புத்தகமும் படிக்கிறோம். என் மகள் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்பீர்கள். தெரியாது. ஒவ்வொரு பரீட்சை வரும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. தப்பு செய்துவிட்டோமோ என்று ராத்திரியில் தோன்றும். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

2015-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப்பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. கலெக்டர் பிள்ளை படித்தால் குழாயில் தண்ணீர் தானாக வரும் என்ற நியாயம்தான். அதற்காகக் காத்திருக்க நமக்கு நேரமில்லை. கலெக்டர் வரும்போது வரட்டும். நம்மில் வேலைக்குப் போனவர்கள், இடஒதுக்கீட்டில் படித்து மேலே வந்தவர்கள், நாம் ஏன் முதலில் வெளியேறுகிறோம்? எல்லாரும் பிள்ளையைக் கொண்டுவந்து சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வீட்டின் கஷ்டம், அதற்குள் நான் நுழைய முடியாது. ஆனால் பிள்ளை இல்லாத மாணவத் தோழர்கள் இங்கே இத்தனை பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது சின்ன வேலை.

உங்கள் வார்டில் இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு இரண்டு இரண்டு பேராகப் போங்கள். அனுமதி கேட்டு, மரியாதையாக. இன்ஸ்பெக்டர் மாதிரி போகாதீர்கள், அந்த டீச்சர் நம் எதிரி இல்லை. ஐந்து விஷயத்தை ஒரு தாளில் குறியுங்கள்: புதிய பக்கத்தை வாசிக்கிறார்களா, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர், யார் கையில் துடைப்பம், ஒரே வரிசையில் தட்டு இருக்கிறதா, எப்படிக் கூப்பிடுகிறார்கள். தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர், பல்லாவரம், பம்மல் என்று நம் மாநகராட்சி முழுக்கப் போகலாம். அந்தப் பக்கம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், கண்ணகி நகர் போங்கள், ஊருக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கவிதை கொண்டுவர வேண்டாம், இதை நானே சொல்கிறேன், அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். 60-க்குப் பக்கத்தில், 90-க்குப் பக்கத்தில் எண்ணிக்கை நிற்கிற பள்ளி எது என்று முதலில் பார்ப்போம்.

தரம் இல்லை என்று அவர்கள் நூறு வருஷமாகச் சொல்லிவிட்டார்கள். நாம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வோம்.