நடுவில் நிற்பவர்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகிறோம். திருப்பூர் பனியன் கம்பெனி, சோமனூர் தறிக்கூடம், கோவை நூற்பாலை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. கேள்வி கேட்கிற நமக்கும் பதில் சொல்கிற தாய்க்கும் நடுவில் யாரை நிறுத்துகிறோம்? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு லைன் வீட்டில் ஒடியா மட்டுமே தெரிந்த அம்மாவிடம் விவரம் கேட்க, அவர் மகளையே, என் ஆறாம் வகுப்பு மாணவியையே, மொழிபெயர்க்கச் சொன்னேன். "பள்ளிக்கூடம் போகாம வேற யாராச்சும் இருக்காங்களான்னு கேளு கண்ணு" என்றேன். அம்மா நீளமாக ஏதோ சொன்னார். அவள் திரும்பி, "யாரும் இல்லீங்க சார்" என்றாள். எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பதின்மூன்று வயது அண்ணன் ஒருவன் கைமடி வேலைக்குப் போகிறான். அம்மா அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கிறார். அந்தச் சம்பளம் நின்றால் வாடகை கொடுக்க முடியாது என்று தங்கைக்குத் தெரியும், விழுங்கிவிட்டாள். அந்த முடிவைப் பதினோரு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தவன் நான்.

கம்பெனி மேற்பார்வையாளரை வைத்துக் கேட்பது இதைவிட மோசம். அம்மா நமக்கா பதில் சொல்வார்? அவருக்குத்தான் சொல்வார்.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 24 அலுவல் மொழிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று கணக்கிட்டால் 552 வழிகள். ஹங்கேரிய மொழியிலிருந்து டச்சு மொழிக்கு நேரடியாகப் பெயர்க்க ஆள் கிடைக்காவிட்டால், ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, அதைக் கேட்டு இன்னொருவர் டச்சில் சொல்வார். நாமும் ஒடியாவை இந்தி வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். அங்கே இருவரும் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். இங்கே பெட்டிக்கடைக்கு வந்த தம்பி.

கேள்வியிலும் கோளாறு உண்டு. "எத்தனை புள்ளைங்க?" என்று நம் ஊர்ப் பேச்சில் கேட்டால், பெண் குழந்தைகளை மட்டும் கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஒடியாவில் 'பிலா' என்றால் குழந்தை. காதுக்கு நம் பிள்ளை போலவே இருக்கும். ஆனால் சம்பாதிக்கிற பையனைக் குழந்தைக் கணக்கில் பெற்றோர் சேர்ப்பார்களா? அதனால் இப்போது எண்ணிக்கையே கேட்பதில்லை. "இந்த அறையில் ராத்திரி யார் யார் தூங்குகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வயது?" என்றுதான் கேட்கச் சொல்கிறேன்.

நாமே மொழியைக் கற்பது நல்லதுதான். 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் தமிழ் கற்று, அண்ணன்மார் கதையையே ஒலிப்பதிவு செய்தார். புவனேசுவரத்தில் உள்ள கிழக்கு மண்டல மொழி மையத்தில் ஆசிரியர்களுக்குப் பத்து மாத ஒடியாப் பயிற்சி உண்டு. ஆனால் கணக்கெடுப்பு அடுத்த வாரம்!

ஆகவே ஆளைத் தேட வேண்டும். பல வருடம் இங்கேயே குடியிருந்து தமிழ் பழகிய ஒடியா அம்மா ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். அதே லைன் வீடாக இருந்தால் வேண்டாம். குடும்பச் சங்கதி வெளியே போகும் என்று பயப்படுவார்கள். போவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து படிவத்தை விளக்குங்கள். சுருக்க வேண்டாம், நீங்களாகச் சேர்க்க வேண்டாம், புரியாவிட்டால் என்னையே திருப்பிக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அவருடைய அரைநாள் கூலி போகிறது. அதைக் கொடுத்துவிட வேண்டும். இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கும்படி நாம் கேட்கவும் வேண்டும்.

அப்படி ஒரு அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். முதலில் வாடகையைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு மணி நேரம் ஆனது. அண்ணன் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். தங்கை இன்னும் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.