குல்மார்க்குக்கு ஒரு பகல் போதாது

காஷ்மீர் சுற்றுலா என்று டிராவல்ஸ்காரர்கள் போட்டுக்கொடுக்கும் திட்டத்தில் குல்மார்க்குக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பகல்தான் இருக்கும். காலையில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்புவது, வழியில் தங்மார்க்கில் ஓவர்கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுப்பது, மேலே போய் ஸ்லெட்ஜ் இழுப்பவரிடம் பேரம் பேசுவது, நாலு படம் எடுப்பது, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது. பனியைக் கண்ணால் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது சரி. பிள்ளைகள் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும், குடும்பமே ஒரு மலையில் தங்கி அனுபவிக்க வேண்டும் என்றால் அந்தத் திட்டம் ஆகாது. குல்மார்க்கிலேயே நான்கு இரவாவது தங்குங்கள் என்பேன். செலவு கூடும், தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

முதல் காரணம் உயரம். ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டா உச்சியில் நின்றிருப்பீர்கள். அது 2,637 மீட்டர். குல்மார்க்கில் ஹோட்டல்கள் இருக்கிற புல்வெளியே ஏறக்குறைய 2,650 மீட்டர். அதாவது, நீலகிரி முடிகிற உயரத்தில்தான் குல்மார்க் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்கிற கேபிள் கார் முதல் கட்டமாக 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் கொங்டூரிக்குப் போகிறது. இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில், கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் இறக்கிவிடும். சென்னையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே கிடைக்காது.

கடலோரத்திலிருந்து வந்த உடம்பை மறுநாளே அந்த உச்சிக்குக் கொண்டுபோனால் அது சும்மா இருக்குமா? தலைவலி, குமட்டல், இரவெல்லாம் தூக்கம் வராமல் புரள்வது. பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டித் தங்கும்போதே இந்தத் தொல்லை தலைகாட்டும். தினமும் ஓடுகிற இளைஞனையும் அது விடாது. கைக்குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடும். அப்படி இருந்தால் அன்றைக்கு மேலே ஏறவே கூடாது. கூடிக்கொண்டே போனால் தங்மார்க்குக்கோ ஸ்ரீநகருக்கோ இறங்கிவிட வேண்டும். அதைவிட நல்ல மருந்து கிடையாது. இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே, முதல் இரவு ஸ்ரீநகரில். அது சுமார் 1,600 மீட்டர்தான். மறுநாள் மெதுவாக குல்மார்க். அன்று சும்மா நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகமே தெரியாது. சறுக்குப் பலகையைக் காலில் மாட்டுவது அதற்கடுத்த நாள். அபர்வட் உச்சி கடைசி நாளுக்கு.

இனி சறுக்குக்கு வருவோம். முதல் அரை மணி நேரம் பூட்ஸிலேயே போய்விடும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸ் போடுவார்கள், அது வேண்டாம். நல்ல கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று. நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மட்டும் மேலே எழும்பவே கூடாது. தளர்வான பூட்ஸோடு போனால் கால் ஒரு பக்கம் திரும்பும், பலகை ஒரு பக்கம் போகும். பிறகு பூட்ஸின் முன்நுனியைப் பலகைமேல் உள்ள பிடிப்பில் செருகி, குதிகாலை அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பலமாக விழுந்தால் அந்தப் பிடிப்பு தானாகவே விட்டுவிடும். காலைக் காப்பாற்றுவதற்கென்றே அந்த ஏற்பாடு.

முதலில் கற்றுத்தருவது ஓட்டத்தை நிறுத்துவதற்கு. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, உள்விளிம்புகள் பனியைக் கவ்வும்படி அழுத்தினால் வேகம் குறையும். ஆறேழு வயதுப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். விழுவதற்கு அவர்கள் பயப்படுவதில்லை. அப்பாதான் ஒவ்வொரு முறையும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பார். ஒரே வாத்தியாரிடம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கற்பது நல்லது. முறையாகக் கற்க விரும்பும் பெரியவர்களுக்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது.

உடை பற்றி ஒரு வார்த்தை. பருத்தி பனியன் நம் வெயிலுக்குத் தோழன், அங்கே எதிரி. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். உடம்போடு ஒட்டியது கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் கதகதப்பானது, வெளியே காற்றும் நீரும் புகாதது. கூலிங்கிளாஸை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். புதுப்பனி, மேலே விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண் கூசிச் சிவந்தால் ஒரு நாள் வீண்.

இன்னொரு காரணம் வானிலை. மேலே பலத்த காற்று என்றால் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஓடாது. கனமாகப் பனி விழுந்தால் தங்மார்க்கிலிருந்து மேலே சங்கிலி கட்டிய வண்டிதான் போகும். சில வருடம் பனியே ஏமாற்றும். 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் வறண்டே கிடந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். கையில் உபரியாக ஒரு நாள் இருந்தால் இதெல்லாம் தாங்கும். ஊர் திரும்பும்போதும் அப்படித்தான். ஸ்ரீநகர் விமானங்கள் பனியில் ரத்தாவது சகஜம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அபர்வட்டின் திறந்த சரிவுகள் தேர்ந்தவர்களையே விழுங்கியிருக்கின்றன. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். குடும்பத்தோடு உச்சிக்குப் போகலாம், பார்க்கலாம், அதே கேபிள் காரில் இறங்கிவிடலாம். பயிற்சிச் சரிவு கீழேதான்.

கோண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இரண்டு கட்டத்துக்கும் தனித்தனி. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். பாதுகாப்பு நிலவரத்தையும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்? இங்கேதான் நம் பள்ளிக்கூடக் காலண்டர் இடிக்கிறது. காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிற 40 நாள் கடுங்குளிர் டிசம்பர் 21 அன்று தொடங்கும். அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான், ஆனால் பனி நன்றாகப் படிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கோடை விடுமுறைக்குள் கீழ்ச்சரிவெல்லாம் பச்சைப்புல். நல்ல பனி ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை. பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரும். வகுப்பு ஆசிரியரிடம் லீவு லெட்டர் கொடுக்கிற வேலை உங்களுடையது.