கேமராவின் ஆட்டமும் நம்பெருமாளின் நடையும்

வீடியோ எடுப்பதற்காக மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் தவறாமல் கேட்கும் கேள்வி, "இதில் ஸ்டெபிலைசேஷன் எப்படி?" என்பது. பதிலாக ஓர் எண் வரும்: ஐந்து ஸ்டாப், ஏழு ஸ்டாப், எட்டு ஸ்டாப். எண் பெரிதாக இருந்தால் ஆட்டம் குறையும் என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். ஆனால் ஆட்டம் என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது நாலைந்து வேறு வேறு அசைவுகளை. கை நடுங்குவது வேறு, நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குவது வேறு, நிற்கும் தரையே அதிர்வது வேறு, எதிரில் இருப்பது அசைவது வேறு. ஒன்றரை நூற்றாண்டில் வந்த ஒவ்வொரு கருவியும் இவற்றில் ஒன்றிரண்டை அடக்கியது, மிச்சத்தைத் தொடவே இல்லை. எது எதை அடக்கியது என்று பார்த்துக்கொண்டே வந்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்தக் கதையைச் சொல்ல ஸ்ரீரங்கம் தோதான ஊர். காரணம் போகப் போகத் தெரியும்.

சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் படமெடுத்து 1858-ல் தொகுப்புகளாக வெளியிட்டார். மெழுகு ஏற்றிய காகிதமே அவருடைய நெகட்டிவ். அதில் உருவம் பதியப் பல விநாடிகள், சில சமயம் நிமிடங்கள்கூட ஆகும். ஆகவே கேமரா கனமான மூன்று கால் தாங்கியைவிட்டு இறங்கவே முடியாது. ஆனால் தாங்கி கேமராவை மட்டுமே நிறுத்தும், வீதியில் நடப்பவரை நிறுத்தாது. அந்தக் காலத்துப் படங்களில் கோபுரமும் தூண்களும் துல்லியமாக நிற்க, வீதிகள் ஆளில்லாமல் கிடப்பது அதனால்தான். நடந்து போனவர்கள் பதியாமலே கரைந்துபோனார்கள். அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை டிரைப் 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளப் படமாக ஆக்கினார். இன்றைக்கு ஸ்லைடரில் ஒரே இழுப்பில் எடுக்கும் ஷாட் அது. அவர் கேமராவைப் பெயர்த்துப் பெயர்த்து நட்டு எடுத்தார். பின்னர் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். கேமராவுக்குப் பணம் கேட்டால் முகம் சுளிக்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

சினிமா வந்ததும் ஆட்டம் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. 1905-ல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டக் கிளம்பினார். கைக்குள் அடங்கும் புகைப்படத்தில் கண்ணில் படாத சிறு அதிர்வு, கூடாரத் திரையில் உருவம் ஆளுயரத்துக்கு வளரும்போது தானும் வளர்ந்துவிடும். அன்றைய கேமராவைக் கையால் கைப்பிடி சுற்றி ஓட்டினார்கள். சுற்றும் கையே ஆட்டத்துக்குக் காரணம் என்பதால் டிரைபாடைவிட்டு விலக வழி இல்லை. அதை உடைக்கப் பார்த்தவர் போலந்துக்காரர் காசிமியர்ஸ் புரோஷின்ஸ்கி. அழுத்தப்பட்ட காற்றால் தானே ஓடும் ஏரோஸ்கோப் கேமராவை 1910 வாக்கில் கொண்டுவந்து, ஆட்டத்தைக் குறைக்க உள்ளே ஒரு கைரோஸ்கோப்பும் வைத்தார். கைரோ ஸ்டெபிலைசேஷன் நேற்றுக் கண்டுபிடித்த அதிசயம் என்று விளம்பரம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நடந்துகொண்டே படமெடுக்கும் சிக்கலை எழுபதுகளில்தான் ஒருவர் முழுசாகத் தீர்த்தார். காரெட் பிரவுனின் ஸ்டெடிகேம் 1976-ல் 'பவுண்ட் ஃபார் குளோரி', 'ராக்கி' ஆகிய படங்களில் வெளியே தெரிந்தது. அதன் அமைப்பைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், பிற்பாடு வந்த குழப்பத்துக்கெல்லாம் விடை அதில் இருக்கிறது. கேமரா, பேட்டரி, மானிட்டர் மூன்றும் ஒரு கம்பத்தில் தள்ளித் தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால் அதை எளிதில் திருப்ப முடியாது. அது கை நடுக்கத்தை விழுங்கிவிடும். கம்பத்துக்கும் ஆபரேட்டரின் உடுப்புக்கும் நடுவே ஸ்பிரிங் பூட்டிய ஒரு கை இருக்கிறது. அது காலடி வைக்கும்போது உடம்பு ஏறி இறங்குவதை விழுங்கும். இரண்டு அசைவுக்கு இரண்டு தனி உறுப்பு. மின்சார மோட்டார் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திருப்பம் 2008. அந்த ஆண்டு நிகான் டி90-யும் கேனன் 5டி மார்க் 2-வும் ஸ்டில் கேமராவில் வீடியோவைக் கொண்டுவந்தன. வீடியோ ஓடும்போது வ்யூஃபைண்டருக்குக் காட்சியைக் காட்டும் கண்ணாடி மேலே தூக்கியபடியே நிற்கும், வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், பின்திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வீடியோக்காரருக்குக் கண்ணாடி வெறும் சுமை. அதே ஆண்டு பானசோனிக் ஜி1 கண்ணாடியை எடுத்தே விட்டது. கண்ணாடிக்கான இடம் மிச்சமானதால் லென்ஸ் பொருந்தும் தளத்துக்கும் சென்சாருக்குமான தூரம் குறைந்தது. கேனன் இஎஃப் மவுண்ட்டில் 44 மில்லிமீட்டராக இருந்தது சோனி இ மவுண்ட்டில் 18, நிகான் இசட்டில் 16. பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்ட முடிவது இந்த மிச்சத்தால்தான். 2012-ல் ஒலிம்பஸ் இ-எம்5 சென்சாரையே ஐந்து அச்சுகளில் நகர்த்தி ஆட்டத்தை ஈடுகட்டியது. 2014-ல் சோனி ஏ7 மார்க் 2 அதை ஃபுல் ஃபிரேமுக்குக் கொண்டுவந்தது.

இப்போது அந்த எட்டு ஸ்டாப்புக்கு வருவோம். ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர்களின் சங்கமான சிபா வகுத்த முறைப்படி, கேமராவை அதிரும் மேடையில் வைத்து ஸ்டில் படம் எடுத்து அந்த எண்ணைக் கணிக்கிறார்கள். ஒரே இடத்தில் நிற்பவரின் கை நடுக்கத்தைத்தான் அந்த மேடை போலச் செய்கிறது. நடப்பவரின் கால் அதில் இல்லை, வீடியோவும் இல்லை. எண் பொய்யில்லை, நம் கேள்விக்கான பதில் அது இல்லை, அவ்வளவுதான். நகரும் சென்சாருக்கு வேறு விலையும் உண்டு. வைட் லென்ஸ் போட்டு நடந்தால் படத்தின் நடுப்பகுதி நிலையாக இருக்க, மூலைகள் மட்டும் நெளியும். மெதுவாக பேன் செய்தால், அதையும் நடுக்கம் என்று எண்ணி சென்சார் கொஞ்சம் பிடித்துக்கொண்டு பிறகு விடும்; தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வெட்டு விழும். 2017-ல் வந்த ஜிஎச்5-ல் நகரும் சென்சாரைப் பெருமையாக வைத்த பானசோனிக், அடுத்த ஆண்டு வீடியோவுக்கென்றே செய்த ஜிஎச்5எஸ்-ல் வேண்டுமென்றே எடுத்துவிட்டது. வண்டியில் பொருத்தி எடுக்கும்போது, அணைத்து வைத்தாலும் மிதக்கும் சென்சார் தானாக ஆடக்கூடும் என்பது காரணம். இதைச் சோதிக்கத் திருச்சியில் செலவில்லாத மேடை ஒன்று உண்டு: காவிரிப் பாலம். பஸ் போகும் நேரம் ஓரத்தில் டிரைபாட் போட்டு, நீள லென்ஸில் மலைக்கோட்டையைப் பிடித்து, ஸ்டெபிலைசேஷனைப் போட்டு ஒரு முறை, அணைத்து ஒரு முறை எடுத்தால், தரை அதிர்வைக் கேமரா எப்படித் தாங்குகிறது என்பது எந்த எண்ணையும்விடத் தெளிவாகத் தெரியும்.

கிம்பல் பக்கம் வந்தால் ஸ்ரீரங்கம் இன்னும் கறாரான சோதனை வைக்கிறது. 2013-ல் ஃப்ரீஃப்ளை மோவியும் 2014-ல் டிஜேஐ ரோனினும் வந்தபின், மோட்டார் கிம்பல் கல்யாண வீடியோக்காரர் வரை இறங்கிவிட்டது. மூன்று அச்சு கிம்பல் கேமரா திரும்புவதையும் சாய்வதையும் தடுக்கும். ஸ்டெடிகேமின் ஸ்பிரிங் கை அதில் இல்லாததால், காலடியின் ஏற்ற இறக்கம் அப்படியே படத்துக்குள் வரும். டிஜேஐயே 2021-ல் ரோனின் 4டி-யில் நான்காவதாக ஒரு செங்குத்து அச்சைச் சேர்த்தது இந்தக் குறையால்தான். இனி ஸ்ரீரங்கம் கோயில் உற்சவரான நம்பெருமாளின் வீதிப் புறப்பாட்டை நினைத்துப் பாருங்கள். வைணவர்கள் காஞ்சிக்குக் குடையழகும் திருப்பதிக்கு வடையழகும் சொல்லிவிட்டு, அரங்கனுக்கு நடையழகைச் சொல்வார்கள். தோளுக்கினியான் என்ற பல்லக்கில் நம்பெருமாளை எழுந்தருளச் செய்யும் ஸ்ரீபாதம் தாங்குவோர் சிம்மகதி, சர்ப்பகதி என்று நடை மாற்றிப் போவதைக் காணவே கூட்டம் கூடுகிறது. அங்கே பார்க்க வேண்டிய பொருளே அந்த அசைவுதான். எதிரே கிம்பலோடு பின்னடி வைத்து நடப்பவரின் ஏற்ற இறக்கம் இந்த ஏற்ற இறக்கத்தோடு கலந்தால், எது பெருமாளின் நடை, எது கேமராக்காரரின் நடை என்று திரையில் பிரிக்க முடியாது. வீதி முனையில் டிரைபாடை நட்டு, நல்ல ஃப்ளூயிட் ஹெட்டில் மெல்லத் திருப்பி எடுத்தால் நடை நடையாகவே பதியும். விலை உயர்ந்த கருவி இங்கே தோற்பது அதன் தரக்குறைவால் அல்ல, வேலை வேறு என்பதால்.

இதற்கு மறுப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் எடிட்டிங்கில் சரிசெய்யலாமே, இப்போது கேமரா கைரோ தகவலையே பதிவு செய்கிறதே, போனில்கூட ஆட்டமில்லாத மோடு வந்துவிட்டதே என்பார்கள். பகல் வெயிலில் அது பெருமளவு உண்மை. ஆனால் மென்பொருள் ஃபிரேம்களை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்குமே தவிர, ஒரு ஃபிரேமுக்குள்ளேயே ஏற்பட்ட மங்கலை அழிக்காது. வைகுண்ட ஏகாதசி விடியலுக்கு முன் 1/50 விநாடி ஷட்டரில் எடுத்த காட்சியைப் பொருத்தினால், அசையாத படத்தில் விளக்குகள் மட்டும் துடிதுடிக்கும். ஷட்டரை வேகப்படுத்தினால் வெளிச்சம் போதாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 தவிர்த்த வேகங்களில் சீரியல் லைட்டுகள் பட்டை பட்டையாக மினுங்குவது தனித் தொல்லை. இருட்டில் ஆட்டத்தைக் குறைக்கும் முதல் கருவி, அகலமாகத் திறக்கும் லென்ஸும் இருட்டைத் தாங்கும் சென்சாரும்தான். ரோலிங் ஷட்டரும் எடிட்டிங்கில் முழுதாகத் தீராது. பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், வேகமாக பேன் செய்தால் 236 அடி ராஜகோபுரம் ஒரு பக்கமாகச் சாயும். முழு சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கும் முதல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், சோனி ஏ9 மார்க் 3, 2023-ல்தான் அறிமுகமானது; அதன் விலை நம்மில் பலருக்கு எட்டாது.

இன்னொரு மறுப்பு கலையின் பக்கமிருந்து வருவது: கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் உயிர், இவ்வளவு சோதனை எதற்கு? 2012-ல் வந்த பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனன் 7டி-யில் எடுக்கப்பட்டது. அந்தக் கேமராவில் நகரும் சென்சார் கிடையாது, ரோலிங் ஷட்டர் உண்டு. படம் தேசிய விருது பெற்றது. ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் போன்றவர்களுக்குத் தங்கள் கேமரா எங்கே இடறும் என்பது தெரியும். தெரிந்து விட்ட ஆட்டமும் தெரியாமல் வந்த ஆட்டமும் ஒன்றல்ல.

சோதிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமராவுக்கும் உள்ளே கட்டுப்பாடு உண்டு. சோதனையை வெளி வீதிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தைத்தேர் ஓடும் உத்திர வீதியும் சித்திரைத் தேர் ஓடும் சித்திரை வீதியும் தாராளமாகப் போதும். வடம் பிடிப்பவர்களுக்கு முன்னால் கிம்பலோடு பின்னோக்கி நடக்காதீர்கள். அது படத்துக்கும் ஆபத்து, காலுக்கும் ஆபத்து. வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் உறுதியான டிரைபாடையும் ஃப்ளூயிட் ஹெட்டையும் வாங்குங்கள், அடுத்து எஃப் 1.8 லென்ஸ், கிம்பல் கடைசியில்.