இடைவரிசை ஆட்டக்காரர் வோல்டர் டல்

உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் வாயில் முதலில் வருவது கோல் அடித்தவர் பெயர். அடுத்து வருவது கோல் காத்தவர் பெயர். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, அதனைத் தக்க இடத்திலே தக்கவரிடம் சேர்த்துவிட்டு, மீண்டும் பறிப்பதற்காகத் திரும்பி ஓடியவர் யார் என்று கேட்டால், சற்று யோசித்தே விடை கூறுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அணிகள் மைதானத்தில் நின்ற முறை இது: கோல் காப்பவர் ஒருவர், அவருக்கு முன்னே பின்காவலர் இருவர், முன்வரிசையிலே ஐவர், இவ்விரு சாராருக்கும் இடையில் மூவர். இந்த மூவரையே ‘ஹாவ் பக்’ என்று வழங்கினர். எதிரணி முன்னேறும்போது அவர்கள் காவலர். தம்மணி முன்னேறும்போது அவர்களே துணைவர். இருவர் வேலையைச் செய்து, ஒருவர் புகழையும் பெறாதவர்கள் எனலாம்.

அந்த இடைவரிசையில் நின்று ஆடியவருள் ஒருவர் வோல்டர் டல். அவருடைய ஆட்டத்தின் பெரும்பகுதி நடைபெற்றது நாடறிந்த முதற்பிரிவிலே அன்று. நோர்த்தம்டன் என்னும் நடுத்தர நகரத்தின் கழகத்திலே, தென்பகுதி லீக் எனப்பட்ட சிறிய போட்டித் தொடரிலேயாம். முதற்பிரிவை அவர் எட்டிப் பார்க்காமல் இல்லை. எட்டினார், ஆடினார், இறக்கப்பட்டார். ஏன் இறக்கப்பட்டார் என்ற வினாவே அவருடைய வரலாற்றைச் சாதாரண ஆட்டக்காரர் ஒருவரின் வரலாற்றிலிருந்து வேறுபடுத்துகின்றது.

டல் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள போக்ஸ்டன் நகரிலே பிறந்தார். தந்தையார் டானியல், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசிலிருந்து வந்த தச்சர். டானியலின் தந்தையார் அத்தீவிலே அடிமையாயிருந்தவர். தாயார் அலிஸ், கென்ற் மாகாணத்து ஆங்கிலப் பெண். சிறுவனுக்கு ஏழு வயதாகும்போது தாய் இறந்தார். ஈராண்டு கழித்துத் தந்தையும் இறந்தார். சிற்றன்னையால் எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்ற இயலவில்லை. 1898இல் வோல்டரும் அண்ணன் எட்வேர்ட்டும் இலண்டன் பெத்னல் கிறீனில் மெதடிஸ்த சபையார் நடத்திய அநாதை இல்லத்திற்கு அனுப்பப்பட்டனர். பின்னர் எட்வேர்ட்டைக் கிளாஸ்கோவிலுள்ள ஒரு குடும்பத்தார் தத்தெடுத்தனர். அவர் அங்கே பல் வைத்தியரானார். வோல்டர் இல்லத்திலேயே தங்கி, அச்சுத் தொழில் பயின்றார். பந்து உதைக்கப் பழகியதும் அவ்வில்லத்து அணியிலேதான்.

இருபதாவது வயதில் அவரைக் கிளப்ரன் கழகம் சேர்த்துக் கொண்டது. அது ஊதியம் பெறாது ஆடுவோர் கழகம். 1908–09 பருவத்தில் அக்கழகம் தேசிய அமெச்சூர் கிண்ணத்தோடு இலண்டன் கிண்ணங்கள் இரண்டையும் வென்றது. அச்சகத்துப் பையனின் ஆட்டம் பெருங்கழகங்களின் கண்ணிற்பட்டது. 1909இல் டொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் கழகம் ஆர்ஜென்ரீனாவுக்கும் உருகுவேக்கும் சென்றபோது அவரும் உடன் சென்றார். பின்னர் கையொப்பமிட்டதற்குப் பத்துப் பவுண், வாரத்துக்கு நான்கு பவுண் என்று ஒப்பந்தமாயிற்று. அக்காலச் சட்டத்தின்படி எந்த ஆட்டக்காரருக்கும் அதற்குமேல் ஒரு சதமும் கொடுக்க இயலாது. சம்பளத்தைப் பொறுத்தவரை, நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரும் டல்லும் சமமே.

செப்டெம்பரில் முதற்பிரிவில் ஆடத் தொடங்கினார். அப்பிரிவில் ஆடிய கறுப்பினத்தவர் அவருக்கு முன் ஓரிருவரே. அப்போது அவர் நின்ற இடம் இடைவரிசையன்று, முன்வரிசையின் உட்புறம். ஓட்டத்தில் அவர் மிக வேகமானவரல்லர். ஆனால் பந்தை அடக்குவதிலும், அதனை எங்கே விடுவது என்று அறிவதிலும் நிதானம் உடையவர் என்று பத்திரிகைகள் பாராட்டின.

ஒக்டோபர் மாதம் பிரிஸ்டல் நகரிலே ஓர் ஆட்டம் நடந்தது. ஆபிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்ற வியாபாரத்தாலே ஒருகாலம் செழித்த துறைமுகம் பிரிஸ்டல் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். அங்கே பார்வையாளருள் ஒரு சாரார், டல்லின் நிறத்தைச் சுட்டி, ஆட்டம் முழுவதும் வாய்கூசும் வசைகளைப் பொழிந்தனர். அடிமையின் பேரன் அதைக் கேட்டுக்கொண்டே ஆடினார். அன்று களத்தில் நின்ற முன்வரிசையாளருள் அவரே சிறந்தவர் என்றும், வசை பாடியோருக்கு அவருடைய ஒழுக்கமே பாடமாக வேண்டும் என்றும் பொருள்பட ஒரு பத்திரிகை நிருபர் எழுதினார். நிருபருடைய நேர்மை பாராட்டத்தக்கது. எனினும், அதன்பின் நெடுநாள் செல்லுமுன் டல் முதல் அணியிலிருந்து நீக்கப்பட்டு இரண்டாம் அணிக்கு அனுப்பப்பட்டார். முதற்பிரிவில் அவர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் பத்து. அடித்த கோல்கள் இரண்டு.

ஆட்டத்திறன் குறைந்தமையால் நீக்கினரா, அல்லது கூட்டத்தின் கூச்சலுக்குக் கழகம் அஞ்சியதா? வரலாற்றாசிரியர் பலர் பிரிஸ்டல் நிகழ்ச்சியையும் நீக்கத்தையும் தொடர்புபடுத்துவர். நல்ல ஆட்டக்காரரும் பருவம் மாற அணியில் இடம் இழப்பது வழக்கந்தான். ஆனால் ஏழு ஆட்டங்களே ஆடிய, பத்திரிகைகள் போற்றிய ஓர் இளைஞரை வசை கேட்ட சூட்டோடு ஒதுக்கியது தற்செயல் என்று நம்புவது கடினம். வைத தொண்டைகளுக்குத் தண்டனை இல்லை; வசை கேட்டவருக்கு இடம் இல்லை.

1911 ஒக்டோபரில் நோர்த்தம்டன் ரவுண் கழகம் அவரை விலைகொடுத்து வாங்கியது. அதன் முகாமையாளர் ஹேர்பர்ட் சப்மன். பின்னாளில் ஹடர்ஸ்பீல்ட் கழகத்தையும் ஆர்சனல் கழகத்தையும் இங்கிலாந்தின் முதன்மை அணிகளாக உயர்த்தியவர் இவரே. சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்போன நகரம் நோர்த்தம்டன். ஆதலால் அதன் அணியைச் சப்பாத்துத் தைப்போர் என்றே மக்கள் அழைப்பர். மைதானமும் முற்றாக அவர்களுடையதன்று. மாகாணக் கிரிக்கெட் கழகத்தோடு பங்கிட்ட இடமாகையால், மூன்று பக்கந்தான் பார்வையாளருக்கு. நான்காம் பக்கம் கிரிக்கெட் வெளியாகத் திறந்து கிடந்தது. முதற்பிரிவின் பெருங்கூட்டத்துக்குப் பழகிய ஒருவருக்கு இது இறக்கமாகத் தோன்றியிருக்கலாம்.

ஆனால் டல்லுக்குத் தம் இடம் கிடைத்தது அங்கேதான். முன்வரிசையிலிருந்து அவர் இடைவரிசைக்கு வந்தார். வேகம் குறைவு என்ற குறை இடைவரிசையிலே குறையாகத் தெரியவில்லை, நிதானமோ பெருஞ்செல்வமாயிற்று. பந்து எங்கே வரும் என்று முன்னமே அறிந்து நிற்பவன் ஓடவேண்டியது குறைவல்லவா? 1912இல் சப்மன் லீட்ஸ் நகரக் கழகத்துக்குச் சென்றபின்னரும் டல் நோர்த்தம்டனிலேயே இருந்தார். மூன்று பருவங்களுக்கு மேலாக, முதல் அணிக்காக 111 ஆட்டங்கள் ஆடினார். டொட்டன்ஹாமிலே பத்து, இங்கே நூற்றுப்பதினொன்று. ஒரு மனிதரின் தொழில் வாழ்வை அளப்பதற்கு இவ்விரு எண்களுள் எது தக்கது என்பதை நேயர்களே முடிவு செய்யலாம்.

1914 ஆகஸ்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. டிசெம்பரில் உதைபந்தாட்டக்காரருக்கென மிடில்செக்ஸ் படையின் 17ஆம் பட்டாளம் அமைக்கப்பட்டது. அம்மாதம் 21ஆம் திகதியே டல் அதிற் சேர்ந்தார். நோர்த்தம்டன் அணியிலிருந்து முதலிற் சேர்ந்தவர் அவரே. விரைவில் சார்ஜண்ட் ஆனார். 1916இல் குண்டதிர்ச்சியினால் மனமுடைந்து வைத்தியசாலையில் இருந்தார். தேறியதும் சோம் போர்க்களத்துக்குத் திரும்பினார். பின்னர் அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டு, 1917 மே 30ஆம் திகதி இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார். கலப்பற்ற ஐரோப்பிய மரபினரல்லாதார் அதிகாரிகளாவதற்கு அக்காலப் படைவிதிகள் தடையாயிருந்தன. விதி இருந்தது, ஆளும் தேவைப்பட்டது, ஆகவே பதவி வந்தது. வெள்ளையரை நடத்திச் சென்ற முதற் கறுப்பின அதிகாரி அவரே என்று முன்பு எழுதுவர். அவருக்கு முன்னும் சிலர் இருந்தமை பிற்கால ஆராய்ச்சியால் வெளிப்பட்டுள்ளது. அதனால் அவர் பெருமைக்குக் குறைவொன்றும் இல்லை.

1918 ஜனவரியில், இத்தாலியிலே பியாவே ஆற்றை இரவில் கடந்து எதிரியின் பகுதிக்குள் 26 பேரை அழைத்துச் சென்று, ஒருவரையும் இழவாது திரும்பினார். துணிவும் பதற்றமின்மையும் வாய்ந்தவர் என்று படைத்தலைவர் லோபர்ட் அவரைப் பாராட்டினார். அந்தப் பதற்றமின்மையை நோர்த்தம்டன் மக்கள் முன்னமே கண்டிருந்தனர்.

இரண்டு மாதங்களின் பின் அவருடைய பட்டாளம் பிரான்சில் இருந்தது. ஜேர்மனியரின் பெருந்தாக்குதல் அப்பொழுது நடந்துகொண்டிருந்தது. மார்ச் 25ஆம் திகதி பவ்ரெயில் என்னும் ஊருக்கருகே, பின்வாங்கும் வேளையில் டல் சுடப்பட்டு இறந்தார். வயது இருபத்தொன்பது. அவரைத் தூக்கிவர வீரர் சிலர் முயன்றனர். அவர்களுள் ஒருவர் லெஸ்டர் பொஸ் கழகத்தில் முன்னர் கோல் காத்த ரொம் பில்லிங்ஹம். சுடுகலன்களின் முன் அம்முயற்சி பலிக்கவில்லை. உடல் பின்னரும் கிடைக்கவில்லை. அவர் பெயர் அராஸ் நகர நினைவுச் சுவரிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1920இல், தென்பகுதி லீக்கின் முதன்மைக் கழகங்கள் தேசிய லீக்கின் மூன்றாம் பிரிவாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டன. நோர்த்தம்டனும் அவற்றுள் ஒன்று. அதன் பின்னர் எண்பது ஆண்டுகள்வரை டல்லின் பெயரை நினைத்தோர் மிகச் சிலரே. கழகம் 1994இல் சிக்ஸ்பீல்ட்ஸ் என்னுமிடத்திற் புதிய மைதானம் அமைத்தது. அதனருகே 1999 யூலையில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அங்கே ஆட்டம் பார்க்கச் செல்லும் வீதிக்கு இப்போது வோல்டர் டல் வீதி என்று பெயர்.